‘ஹார்டு டிஸ்க் காட்டவில்லை’: கணினி தொடங்கும் முதல் நொடிகளில் நடப்பவை

கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்ற ஒரு வரி வந்து, அதோடு எல்லாம் நின்றுவிட்டால், நாம் உடனே சொல்வது ‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது’ என்பதுதான். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ரசீதில் ‘டிடெக்ட் ஆகவில்லை’ என்றே எழுதித் தருவார்கள். உண்மையில் அந்த வரி டிரைவைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. இயங்குதளத்தைத் தொடங்கத் தகுந்த எதுவும் தன் கண்ணில் படவில்லை என்று மதர்போர்டு கைவிரிக்கிறது, அவ்வளவுதான். டிரைவுக்கு மின்சாரமே போகாவிட்டாலும் அந்த வரிதான் வரும். டிரைவ் நல்ல நிலையில் இருந்து, அதன் தொடக்கத்தில் உள்ள சில நூறு பைட்டுகள் மட்டும் சிதைந்திருந்தாலும் அதே வரிதான். முந்தைய நாள் படம் ஏற்றுவதற்காகச் செருகிய பென் டிரைவை எடுக்க மறந்துவிட்டு, மதர்போர்டில் முதலில் ஓடும் நிரலான பயாஸும் அதை மட்டுமே தேடும்படி அமைந்திருந்தால் அப்போதும் அதுவேதான்.

ஆகவே யாருக்குக் காட்டவில்லை, எந்தக் கட்டத்தில் காட்டவில்லை என்று பிரித்துக் கேட்காமல் திருப்புளியைக் கையில் எடுப்பது வீண் வேலை. டிரைவில் முக்கியமான கோப்புகள் இருந்தால் ஆபத்தான வேலையும்கூட.

இது எனக்கு உறைத்த இடம் என் சித்தப்பா நடத்தும் ஜெராக்ஸ் கடை. அங்கிருந்த டெஸ்க்டாப், தினமும் காலையில் முதல் முறை இயக்கும்போது இந்த வரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக விண்டோஸ் வந்துவிடும். சித்தப்பா அதற்கேற்ப ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பெட்டியை இயக்கிவிட்டு, பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து ரீசெட்டை அழுத்துவார். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. ‘அது ரெண்டாவது தடவை எந்திரிச்சிக்கும்டா, விடு’ என்பார். அந்த ‘ரெண்டாவது தடவை’யில்தான் விடை இருந்தது. அது எப்படி என்று சொல்வதற்கு, கணினி கண்விழிக்கும் சில நொடிகளைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் மின்சாரம். டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் வழக்கமான முறைக்குச் சாட்டா என்று பெயர்; சாட்டா டிரைவின் அகலமான செருகியில் 15 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக 3.3, 5, 12 என மூன்று வோல்ட் அளவுகள் போகலாம். டெஸ்க்டாப்பில் வரும் மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க், தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட்டையும் மின்சுற்றுக்கு 5 வோல்ட்டையும் எடுத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் வரும் இரண்டரை அங்குல டிரைவுக்கு 5 வோல்ட் மட்டும் போதும். நின்றுகொண்டிருக்கும் தட்டை நிமிடத்துக்கு 7200 சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் தடத்தில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கப்படும்; வேகம் பிடித்த பிறகு அதில் சிறு பங்கே தேவைப்படும். பாரவண்டியை நகர்த்தும் முதல் தள்ளலுக்குத்தான் ஆள் பலம் வேண்டும் என்பது போல.

அடுத்தது அழைப்பும் பதிலும். மெல்லிய தரவுக் கேபிளில் உள்ள 7 கம்பிகளில் மூன்று எர்த், மீதி நான்கு இரண்டு இணைகளாகச் செய்தி கொண்டுபோகின்றன. மதர்போர்டு முதலில் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் மின்துடிப்புகளை அனுப்பும். மறுமுனையில் டிரைவ் இருந்தால் அதுவும் அதே பாணியில் பதில் துடிப்பு கொடுக்கும். இணைப்பு உறுதியானதும் ‘நீ யார்?’ என்ற கட்டளை போகிறது. அதற்கு டிரைவ் சரியாக 512 பைட் நீளமுள்ள ஒரு பதிலைத் தருகிறது. அதில் அதன் மாடல் பெயர், தொடர் எண், உள்நிரலின் பதிப்பு, மொத்தக் கொள்ளளவு எல்லாம் இருக்கும். பயாஸ் திரையில் நாம் காணும் டிரைவின் பெயர் இந்தப் பதிலிலிருந்து எடுத்தது. ‘டிடெக்ட் ஆவது’ என்று நாம் சொல்வது துல்லியமாக இந்த ஒரு கேள்வி பதிலைத்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஹார்டு டிஸ்க் தன் பெயரை எங்கிருந்து எடுத்துச் சொல்கிறது? அதன் அடியில் உள்ள பச்சைப் பலகையின் சிறு சில்லில் தொடக்க நிரல் மட்டும்தான் இருக்கிறது. மீதி உள்நிரலின் பெரும்பகுதி, நம் கோப்புகள் இருக்கும் அதே தட்டில், நமக்கு எட்டாத ஒரு தனிப் பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே தட்டு முழு வேகம் பிடித்து, படிக்கும் முனைகள் தட்டின் மேல் வந்து, தன் நிரலைத் தானே படித்து முடித்த பிறகுதான் டிரைவால் தன் பெயரை முழுமையாகச் சொல்ல முடியும். முனை பழுதான டிரைவ் பயாஸில் தோன்றாமல் போவதும், வெஸ்டர்ன் டிஜிட்டல் டிரைவ்கள் சில ‘ரோம் மாடல்’ என்ற சொற்கள் கொண்ட விசித்திரப் பெயரோடு தோன்றுவதும் இதனால்தான். தன் பெயரே நினைவுக்கு வராத ஆளிடம் முகவரி கேட்கும் நிலைமை அது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரைவில் இருக்கும் துவக்க நிரலை மதர்போர்டு தேடுகிறது. கடைசியில் அந்த நிரல் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது.

எனவே சோதனையைத் தொடங்க வேண்டிய இடம் பயாஸ் திரைதான். இயக்கிய உடனே டிலீட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டே இருந்தால் அது வரும். அங்கே மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள்: பெயரும் கொள்ளளவும் சரியாக இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது, அல்லது பெயர் தப்பாகவோ கொள்ளளவு சுழியாகவோ இருக்கும். இந்த மூன்றும் மூன்று தனித்தனி நோய்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

பெயர் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மின்சாரம், கேபிள், டிரைவின் உள்நிரல் ஆகிய மூன்றும் தத்தம் வேலையைச் செய்திருக்கின்றன; சிக்கல் அமைப்புகளிலோ துவக்க நிரலிலோ இருக்கிறது. பழைய டெஸ்க்டாப்புகளில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி. சிஆர்2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால், இரவில் சுவர் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. துவக்க வரிசை மாறியிருக்கலாம். டிரைவை அணுகும் முறை மாறியிருக்கலாம். பழைய பயாஸ் முறைக்கும் புதிய யூஇஎஃப்ஐ முறைக்கும் இடையிலான தேர்வும் மாறியிருக்கலாம்.

இந்தக் கடைசி மாற்றம் பலரைக் குழப்புகிறது. 1983 முதல் வழக்கில் இருக்கும் எம்பிஆர் முறையில், டிரைவின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட் துவக்க நிரலுக்கும், 64 பைட் பகிர்வு அட்டவணைக்கும் (டிரைவ் எப்படிப் பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு), கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த அட்டவணையால் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. யூஇஎஃப்ஐ முறையோ அந்த 446 பைட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அது ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணையில் தனியாக உள்ள ஒரு சிறு பகிர்வுக்குள் போய், அங்கிருக்கும் ஒரு கோப்பை இயக்குகிறது. ஒரு முறையில் நிறுவிய விண்டோஸை மற்றொரு முறையில் உள்ள மதர்போர்டு கண்டுகொள்ளாது. டிரைவ் பட்டியலில் பெயர் இருக்கும், துவக்கப் பட்டியலில் இருக்காது. பழைய முறைக்கான ஆதரவை 2020க்குள் விலக்கிக்கொள்வதாக இன்டெல் 2017இல் அறிவித்தது. புதிய பெட்டிகள் பலவற்றில் பழைய டிரைவை மாட்டினால் இயங்காமல் போவதற்குப் பின்னணி இதுவே.

அணுகும் முறையிலும் ஒரு பொறி உண்டு. சாட்டா டிரைவை ஏஹெச்சிஐ முறையிலோ ரெய்டு முறையிலோ மதர்போர்டு அணுகலாம். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்கான டிரைவர் மென்பொருளைத்தான் தொடக்கத்தில் தயாராக வைத்திருக்கும். முறை திடீரென்று மாறினால் நீலத்திரையில் ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று சொல்லி நிற்கும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகளிலிருந்து டிரைவ்களை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி லேப்டாப்புகளில் பரவலாக இயக்கப்பட்டே வருகிறது. அத்தகைய லேப்டாப்பில் விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவப் போனால், பயாஸில் பெயரோடு காட்சி தரும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் கோப்புகளை வைக்கும் டிரைவ்), நிறுவல் திரையில் மட்டும் மாயமாகிவிடும். பட்டியல் காலியாக இருக்கும். புது லேப்டாப்பின் எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்டெல்லின் சேமிப்பக டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, அதே திரையில் உள்ள ‘லோட் டிரைவர்’ வழியாக ஏற்றினால் எஸ்எஸ்டி தோன்றிவிடும்.

இந்த அமைப்புகளில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. டிரைவ் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் ஒரு மாற்றம் செய்ததுமே 48 இலக்க மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்கக்கூடும். தான் எதையும் பூட்டியதாகவே நினைவில்லாதவர்களின் புது லேப்டாப்புகளும் தாமாகப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு கணினியில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது நிலைமைக்கு வருவோம்: பயாஸில் பெயரே இல்லை. இங்கே சந்தேகப்பட வேண்டிய வரிசை கேபிள், மதர்போர்டின் துளை, மின் இணைப்பு, கடைசியாக டிரைவ். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சாட்டா கேபிளின் செருகி, சுமார் 50 முறை செருகிக் கழற்றுவதற்கே வடிவமைக்கப்பட்டது. பழுதுபார்க்கும் மேசையில் கிடக்கும் ‘நம்ம டெஸ்ட் கேபிள்’ அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். நல்ல டிரைவைத் தவறான கேபிளில் சோதித்துக் குப்பையில் போட்ட கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. முந்தைய ஐடிஇ காலத்தில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பரை மாற்றி வைப்பதிலேயே பாதி நாள் போகும். சாட்டா அந்தத் தொல்லையை ஒழித்தது, ஆனால் இறுக்கமில்லாத செருகி என்ற புதிய தொல்லையைக் கொடுத்தது.

கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டியில் குழப்பம் வேறு விதம். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, பார்க்க ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளில் ஒன்று சாட்டா மொழியும் மற்றொன்று என்விஎம்இ மொழியும் பேசும். என்விஎம்இ மட்டுமே தெரிந்த துளையில் சாட்டா அட்டையைச் செருகினால் பல சமயம் கச்சிதமாகப் பொருந்தும், திருகும் மாட்டும், பயாஸில் மட்டும் எதுவும் தோன்றாது. இன்னொன்று: பல மதர்போர்டுகளில் எம்.2 துளையும் சில சாட்டா துளைகளும் ஒரே தடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. புது எஸ்எஸ்டியை மாட்டிய அன்றே பல ஆண்டுகளாக வேலை செய்த ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. அதன் கேபிளை அடுத்த துளைக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும். எந்தத் துளை எதனோடு பங்கு என்பது மதர்போர்டின் கையேட்டில் சிறு எழுத்தில் இருக்கும். கையேட்டை முதல் நாளே அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது நம் வழக்கம்.

மின் இணைப்பில் ஒரு விந்தையான கதை இருக்கிறது. 2016இல் வந்த சாட்டா 3.3 பதிப்பு, மின் செருகியின் மூன்றாம் முனைக்குப் புது வேலை கொடுத்தது: அதில் 3.3 வோல்ட் வந்தால் டிரைவ் உறங்கிவிட வேண்டும். பெரிய தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான டிரைவ்களில் ஒன்றை மட்டும் தொலைவிலிருந்தே அணைத்து இயக்குவதற்கான வசதி அது. ஆனால் வீட்டுக் கணினியின் பழைய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), முந்தைய விதிப்படி அதே முனையில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, வெளியே வைக்கும் யூஎஸ்பி பெட்டியைப் பிரித்து உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவு டிரைவை எடுத்து டெஸ்க்டாப்பில் மாட்டுபவர்களுக்கு, சில மாடல்கள் துளியும் அசையாது. கோளாறு எங்கேயும் இல்லை. ‘தூங்கு’ என்ற கட்டளைக்கு டிரைவ் கீழ்ப்படிகிறது. அந்த முனையின் மேல் வெப்பம் தாங்கும் மெல்லிய நாடாத் துண்டை ஒட்டினால் சரியாகிவிடும். 3.3 வோல்ட் கம்பியே இல்லாத பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றி வழியாகக் கொடுத்தாலும் எழுந்துவிடும்.

அந்த மாற்றிகளில் ஒரு வகையைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிக் கம்பிகளை மூடிய வகையில், உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி, காலப்போக்கில் உரசிச் சூடேறி, எரிந்தே போன நிகழ்வுகள் பல உண்டு. அதைவிட மோசமானது, எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழையதன் கேபிள்களையே புதியதில் செருகிவிடுவது. கேபிளைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில், டிரைவ் பக்க முனைக்குப் பொது விதி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு அப்படி எதுவும் இல்லை. செருகி பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஒரே நொடியில் எல்லா டிரைவ்களும் போய்விடும். அப்படி மின் அதிர்ச்சி பட்ட ஹார்டு டிஸ்க்கில், மின்சுற்றைக் காப்பதற்காக வைத்த சிறு டயோடு தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகிவிடும். டிரைவ் மாட்டியிருக்கும்வரை கணினி மொத்தமாக உயிர் பெறாது, டிரைவைக் கழற்றினால் எழுந்துகொள்ளும் என்பது அதன் அடையாளம். இது கேட்க பயங்கரமாக இருந்தாலும், தட்டுகளில் தரவு பத்திரமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

இப்போது சித்தப்பாவின் பெட்டி. காலையில் முதல் முறை காட்டாது, ரீசெட் செய்தால் காட்டும் என்ற அறிகுறியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரீசெட் அழுத்தும்போது மின்சாரம் அறுபடுவதில்லை. அதற்குள் சுழன்றுவிட்ட தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘நீ யார்?’ என்ற கேள்வி இரண்டாவது முறை வரும்போது பதில் தயாராக இருக்கிறது. முதல் முறை வந்தபோதோ தட்டு இன்னும் வேகம் பிடிக்கவில்லை. கேள்வி கேட்பவர் அவசரப்படுகிறார், அல்லது பதில் சொல்பவர் தாமதிக்கிறார். அவசரத்துக்குக் காரணம் பயாஸில் உள்ள ‘ஃபாஸ்ட் பூட்’ ஆக இருக்கலாம். அதை அணைத்துவிட்டால், அல்லது சில பயாஸ்களில் உள்ள ஹார்டு டிஸ்க் தாமத நொடியைக் கூட்டினால் தீர்ந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் 12 வோல்ட் தடம் முதல் தள்ளலுக்குத் தேவையான பலத்தைக் கொடுக்காததாகவும் இருக்கலாம். தேய்ந்துபோன மோட்டாராகவும் இருக்கலாம். பெட்டியைத் திறந்து, மின் இணைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, மாற்றியின் வெள்ளைச் செருகியில் ஒரு மூலை மட்டும் டீ சிந்திய தாள் போலப் பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய பிளாஸ்டிக் வாசம். எத்தனை காலைகள் அந்த முனை சூடேறிக் குளிர்ந்திருக்கும்!

மூன்றாவது நிலைமைதான் இருப்பதிலேயே சுவையானது: டிரைவ் பதில் சொல்கிறது, ஆனால் தப்பாகச் சொல்கிறது; அல்லது உடலளவில் நலமாக இருந்தும் வாய் திறக்க மறுக்கிறது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இதில் பயனில்லை, ஏனெனில் கோளாறு டிரைவுக்குள் ஓடும் நிரலில் இருக்கிறது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு சீகேட்டின் பாரகுடா 7200.11 வரிசை. 2008இன் கடைசி மாதங்களில், நேற்றுவரை ஒரு குறையுமின்றி ஓடிய 500 ஜிபி, 1 டெராபைட் டிரைவ்கள், மறுநாள் காலை இயக்கும்போது பயாஸில் இல்லாமல் போயின. கிளிக் சத்தம் இல்லை, கீறல் இல்லை. 2009 ஜனவரியில் அந்த நிறுவனமே குறையை ஒப்புக்கொண்டு புதிய உள்நிரலை வெளியிட்டது. டிரைவ் தனக்காக எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டின் சுட்டி ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும் வேளையில் மின்சாரம் கொடுக்கப்பட்டால், உள்நிரல் தன் கணக்கில் தானே சிக்கி, ‘வேலையாக இருக்கிறேன்’ என்ற நிலையிலேயே உறைந்துவிடும். தட்டில் ஒரு பைட்கூட அழிந்திருக்காது. டிரைவின் பின்புறம் உள்ள சிறு முனைகளில் தொடர்முறைக் கம்பிகளை இணைத்து, உள்நிரலோடு நேரடியாகப் பேசி, பதிவேட்டைத் துடைத்துத் தரவை மீட்டெடுத்தவர்கள் அப்போது பலர். ‘டிடெக்ட் ஆகாத டிரைவ் செத்த டிரைவ்’ என்ற நம்பிக்கையை அந்த நிகழ்வு உடைத்தது.

எஸ்எஸ்டிகளில் இது இன்னும் கூடுதல். எந்தக் கோப்பு எந்தச் சில்லின் எந்த மூலையில் இருக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி ஓயாமல் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தத்தின் நடுவில் மின்சாரம் போனால் வரைபடம் அரைகுறையாக நின்றுவிடக்கூடும். 2011இல் இன்டெல்லின் 320 வரிசை எஸ்எஸ்டிகள் சில, எதிர்பாராத மின்தடைக்குப் பிறகு வெறும் 8 மெகாபைட் கொள்ளளவோடு எழுந்தன. தொடர் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிழைக் குறியீடு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்திய உள்நிரல் வந்தது. நம்மூரில் மலிவு விலை எஸ்எஸ்டி வாங்கியவர்கள் அதிகம் பார்ப்பது வேறொன்று: வாங்கிய பிராண்டின் பெயர் மறைந்து, பயாஸில் ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்ற புதிய பெயர் தோன்றும். ஃபைசன் நிறுவனத்தின் எஸ்11 கட்டுப்பாட்டுச் சில், தன் உள்நிரலை நினைவகத்திலிருந்து ஏற்ற முடியாமல் அவசர நிலைக்குப் போய்விட்டதன் அடையாளம் அது. உள்நிரலை மறுபடி ஏற்றி எஸ்எஸ்டியை உயிர்ப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றினால் உள்ளிருக்கும் கோப்புகள் போய்விடும். இதைச் சொல்லாமலே ‘ரெடி பண்ணித் தர்றேன்’ என்பவர்களிடம் எஸ்எஸ்டியைக் கொடுத்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு. அதன் சர்வர்களில் இருந்த சில எஸ்எஸ்டி மாடல்கள், இயங்கத் தொடங்கி 32,768 மணி நேரம் ஆனதும் நின்றுவிடும்; அதன்பின் டிரைவையும் மீட்க முடியாது, தரவையும் மீட்க முடியாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் 32,768. மணிக்கணக்கை வைக்க 16 பிட் இடம் ஒதுக்கி, அதில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்குக் கொடுத்துவிட்டால் 32,767க்கு மேல் எண்ண முடியாது. கணக்கே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே நாளில் இயக்கப்பட்ட டிரைவ்கள் ஒரே நாளில் போகும் என்பதால், ஒன்றின் நகலை மற்றொன்றில் வைத்திருந்தவர்களுக்கும் அது பாதுகாப்பில்லை.

மின்தடைக்குப் பின் காணாமல் போன எஸ்எஸ்டிக்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய, கெடுதல் இல்லாத ஒரு முறை உண்டு. தரவுக் கேபிளைக் கழற்றிவிட்டு, மின் இணைப்பை மட்டும் கொடுத்து, 20 நிமிடம் சும்மா விடுவது. பிறகு அரை நிமிடம் அணைத்து, மீண்டும் 20 நிமிடம். குருஷியல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கே இதைப் பரிந்துரைக்கிறது. கேள்வி கேட்க யாரும் இல்லாத அந்த நேரத்தில் எஸ்எஸ்டி தன் வரைபடத்தைத் தானே சீரமைத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. கேட்கும்போது மந்திரம் போலத் தோன்றினாலும், செய்து பார்க்கத் தகுந்தது.

ஹார்டு டிஸ்க்குக்கு இப்படிப் பொறுமை உதவாது, காதுதான் உதவும். இயக்கியதும் சீரான சுழற்சி ஒலி வந்து, பிறகு மெல்லிய ஒரு ‘டிக்’ கேட்டால், முனைகள் தட்டுக்கு வந்துவிட்டன. எந்த ஒலியும் இல்லை என்றால் மின்சாரமோ பச்சைப் பலகையோ. பலகையைக் கழற்றி, அதன் பின்புறம் உள்ள தொடுமுனைகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுவது பழைய கைவேலை. சில வெஸ்டர்ன் டிஜிட்டல் மாடல்களில் அது உண்மையாகவே பலன் தருகிறது. ஆனால் அதே மாடலின் வேறொரு டிரைவிலிருந்து பலகையை எடுத்து மாட்டும் வித்தை இப்போதைய டிரைவ்களில் செல்லாது. ஒவ்வொரு டிரைவின் முனைகளுக்கும் தட்டுகளுக்கும் ஏற்ப ஆலையில் அளந்து எழுதிய எண்கள் அந்தப் பலகையின் சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்றினால்தான் பலகை பொருந்தும். ‘டக், டக்’ என்று சீராக இடிக்கும் ஒலி கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். தட்டுக்கும் முனைக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. உடைந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சுரண்டுகிறது. டிரைவை ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் யோசனையை இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் நம்மூர்ப் புழுக்கத்தில் அதன் தட்டில் நீர் பூத்துவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

எந்தக் கட்டத்திலாவது டிரைவ் ஒருமுறை தோன்றிவிட்டால், முதலில் செய்ய வேண்டியது விண்டோஸைத் தொடங்குவது அல்ல, நகலெடுப்பது. டிரைவில் படிக்க முடியாத இடங்கள் இருந்தால், லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிரைவையும் வேறொன்றில் பிரதி எடுக்கலாம். படிக்க எளிதான பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு வந்து முயலும் அதன் முறை நலிந்த டிரைவுக்கு ஏற்றது.

நகல் கையில் வந்த பிறகு, ஸ்மார்ட் என்ற பெயரில் டிரைவ் தன்னைப் பற்றியே எழுதிவைத்திருக்கும் குறிப்புகளைப் படிக்கலாம். 5ஆம் வரியும் 197ஆம் வரியும் உயர்ந்திருந்தால் தட்டு நலிகிறது. 199ஆம் வரி மட்டும் உயர்ந்திருந்தால் டிரைவ் நிரபராதி. தரவுக் கேபிளில்தான் செய்தி சிதைகிறது. 10ஆம் வரி, தட்டைச் சுழற்ற முயன்று தோற்று மறுபடி முயன்ற தடவைகளின் எண்ணிக்கை.

சித்தப்பாவின் டிரைவில் 5, 197, 199 மூன்றும் சுழி. 10ஆம் வரியில் மட்டும் 61 இருந்தது. கருகிய மாற்றியைத் தூக்கிப்போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் இணைப்பைக் கொடுத்தேன். அந்த எண் ஒருபோதும் குறையாது, கூடத்தான் முடியும். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் 61லேயே நின்றது. சித்தப்பா மட்டும் பழக்கதோஷத்தில், ஊதுபத்தியை ஏற்றிவிட்டு வந்து ஒருமுறை ரீசெட்டை அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.